கீழக்கரை கடலுக்கு எத்தனை சாம்பல்: ஒரு லேண்ட்சாட் படத்துல கான்ட்ராஸ்ட் கூட்டுன அனுபவம்

லேண்ட்சாட் சாட்டிலைட் எடுத்த படத்தை மொத தடவை க்யூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேர்ல திறந்தப்ப கடல் முழுக்க ஒரே கருப்பு. மேல ராமநாதபுரம் பக்கம் மேகம் பளிச்சுனு வெள்ளையா, கரையோர மணல் வெளுப்பா, வயக்காடு கண்மாய் எல்லாம் ஓரளவு பிரிஞ்சு தெரியுது, கரையைத் தாண்டி தெக்க போனா ஒன்னுமே இல்ல, தீவுங்க மட்டும் பொட்டு வச்ச மாதிரி அங்கங்க. எங்களுக்கு வேண்டியது அந்த கருப்புக்குள்ள இருக்கறது மட்டும்தான்.

வேலை இதுதான். ஒரு சின்ன தன்னார்வக் குழுவுக்காக, கீழக்கரை தென்கடல்ல கரைக்கும் தீவுகளுக்கும் நடுவுல ஆழம் கம்மியா இருக்கற பகுதியில எங்க தாழை இருக்கு, எங்க பார் இருக்கு, எங்க வெறும் மணல்னு ஒரு மேப் போடணும், அதோட 2016 பிப்ரவரி படத்தையும் 2021 ஏப்ரல் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு தாழை குறைஞ்சிருக்கா இல்லையானு சொல்லணும். தாழைனு அங்க சொல்றது கடற்புல்லை, ஆவுளியா, அதாவது கடல் பசு, மேயறது அதைத்தான். பார்னா கடலுக்கு அடியில பாறையும் பவளமுமா கெட்டியா இருக்கற தரை. குழுவுல மத்தவங்க எல்லாம் கடல் தெரிஞ்சவங்க, படம் பாக்கற வேலை மட்டும் என்னோடது. அதுல நான் பண்ண ஒரு தப்பு, அது எப்படி வந்துச்சு, எப்படி சரி பண்ணோம்னு முழுசா எழுதி வைக்கறேன், ஏன்னா இதே தப்பை நிறைய பேர் பண்றதை அதுக்கப்புறம் பாத்துட்டேன்.

இடத்தைப் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன். மன்னார் வளைகுடாவுல தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவுல 21 தீவு கணக்கு, 1986ல கடல்சார் தேசியப் பூங்கா ஆச்சு, 1989ல உயிர்க்கோளக் காப்பகம். நாலு தொகுதியா பிரிப்பாங்க, அதுல கீழக்கரை தொகுதியில 7: முள்ளி, வாழை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார். 21னு எண்ணுனாலும் இப்ப தண்ணிக்கு மேல அத்தனை கிடையாது. பூவரசன்பட்டியும் தூத்துக்குடி பக்கத்து விலங்குசல்லியும் கடலுக்குள்ள போயிடுச்சு. சுண்ணாம்புக்காக வருஷக்கணக்கா பவளப்பாறையை வெட்டி எடுத்ததுல அலையைத் தடுக்கற அரண் போச்சு, அரண் போனதும் தீவு கரைஞ்சுடுச்சு. மேப்புல பேரு இருக்கு, போட்ல போனா தண்ணிதான் இருக்கும். அதனாலேயே இந்த கருப்பை அப்படியே விட்டுட்டு போக மனசு வரல.

சரி, ஏன் கருப்பா இருக்கு? படத்துல தகவல் இல்லாம இல்ல. லேண்ட்சாட் 8ல இருக்கற ஓஎல்ஐ சென்சார் 12 பிட், அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் 4096 படி வெளிச்சத்தை பிரிச்சு பாக்கும், நம்ம கைக்கு வரும்போது அதை 16 பிட் ஃபைலா குடுப்பாங்க. ஆனா மானிட்டர் காட்டறது ஒரு பேண்டுக்கு, அதாவது சென்சார் தனியா பதிவு பண்ற ஒரு அலைநீளப் பகுதிக்கு, 256 படிதான். அப்ப ஆயிரக்கணக்கான டிஎன் மதிப்புகளை (டிஎன்னா ஒரு பிக்சலோட வெளிச்சத்துக்கு ஃபைல்ல இருக்கற எண்) 256க்குள்ள யாரோ ஒருத்தர் அடைச்சாகணும். அந்த அடைக்கற வேலைக்கு பேருதான் கான்ட்ராஸ்ட் ஸ்ட்ரெச். நாம எதுவும் தொடலைன்னா சாஃப்ட்வேர் தானா ஒன்னு பண்ணிடும், க்யூஜிஐஎஸ்ல வழக்கமா வர்றது க்யூமுலேட்டிவ் கவுண்ட் கட் 2 முதல் 98 சதவீதம், அதாவது ரொம்ப கருப்பா இருக்கற 2 சதவீதத்தையும் ரொம்ப வெளுப்பா இருக்கற 2 சதவீதத்தையும் ஓரமா தள்ளிட்டு மிச்சத்தை 0ல இருந்து 255 வரைக்கும் சமமா விரிச்சு போடும். கணக்கு ஒரே வரிதான்: புது மதிப்பு = (டிஎன் − கீழ்) ÷ (மேல் − கீழ்) × 255.

இதை நம்பர் வச்சு பாத்தாதான் உறைக்கும். 2016 படத்தோட பச்சை பேண்டை, அதாவது பேண்ட் 3ஐ எடுத்துக்கறேன், நம்பர் எல்லாம் கொஞ்சம் ரவுண்ட் பண்ணதுதான். ஆழ்கடல் 7100 டிஎன் கிட்ட. தாழை 7835. பார் 8015. ஆழம் கம்மியான வெள்ளை மணல் 9455. மேகம் 20000க்கு மேல எங்கயோ. முழு படத்தோட 2–98 கட் போட்டா கீழ் 7000, மேல் 22000னு வந்துச்சு. நடுவுல 15000 டிஎன், அதை 255ல வகுத்தா ஒரு சாம்பல் படிக்கு 59 டிஎன். அப்ப தாழைக்கு கிடைக்கறது 14, பாருக்கு 17, மணலுக்கு 42. தாழைக்கும் பாருக்கும் 3 படி வித்தியாசம், அதுவும் கருப்போட அடிமட்டத்துல. எந்த கண்ணுக்கும் அது தெரியாது. 42க்கு மேல இருக்கற இருநூத்து சொச்ச படியும் நமக்கு சம்பந்தமே இல்லாத நிலத்துக்கும் மேகத்துக்கும் போயிடுச்சு. வீட்ல பத்து பேர் இருக்க, சோத்துல முக்காவாசியை வாசல்ல வந்து நிக்கற ஒருத்தருக்கு வச்சுட்டா மிச்ச பேருக்கு என்ன மிஞ்சும், அந்த மாதிரி.

இன்னொரு விஷயம், கடலுக்கு ஏன் 7100? லேண்ட்சாட் லெவல் 1 ஃபைல்ல, அதாவது காத்து மண்டலத்தை கழிக்காம வர்றதுல, 5000 டிஎன்னா பிரதிபலிப்பு (பட்ட வெளிச்சத்துல திரும்பி வர்ற பங்கு) சுழி. ஆழ்கடல் கிட்டத்தட்ட எதையும் திருப்பி அனுப்பாது, அப்ப 5000க்கு பக்கத்துல இருக்க வேண்டியதுதானே? இல்ல, தண்ணியைத் தொடாம நடுவழியில காத்துல பட்டு சிதறி சாட்டிலைட்டுக்கு வர்ற வெளிச்சம் எல்லா பிக்சலுக்கும் அடியில ஒரு திண்ணை கட்டுன மாதிரி சேந்துக்குது. அலைநீளம் குறைய குறைய இந்த சிதறல் நாலாம் அடுக்குல ஏறும், அதனால பச்சையை விட நீலத்துல திண்ணை இன்னும் உயரம். ஸ்ட்ரெச் பண்றப்ப கீழ் எல்லையை 7100ல வைக்கறதுனா அந்த திண்ணையை கண்ணுக்கு மட்டும் இடிக்கறோம்னு அர்த்தம். இடிச்சது கண்ணுக்கு மட்டும்தான், டேட்டாவுல அது அப்படியே இருக்கு.

அப்ப முதல் தீர்வு சுலபம். க்யூஜிஐஎஸ்ல லேயர் ப்ராப்பர்ட்டீஸ்ல மின் மேக்ஸ் செட்டிங்ல, கணக்கு எதை வச்சு போடணும்னு ஒரு இடம் இருக்கும், முழு ராஸ்டரா, அதாவது முழு படமானு இல்ல இப்ப திரையில தெரியற கேன்வாஸ் மட்டுமானு. கேன்வாஸ் குடுத்துட்டு, தீவுக்கும் கரைக்கும் நடுவுல ஜூம் பண்ணேன். மேகம் ஒரு ஓரத்துல கொஞ்சம்தான் மிச்சம், எல்லை 7100ல இருந்து 10900க்கு வந்துச்சு. ஒரு படிக்கு 15 டிஎன். தாழை 49, பார் 61, மணல் 158.

அந்த நிமிஷம் திரையில வந்தது இன்னும் கண்ணுல இருக்கு. கருப்பா இருந்த கடல் திறந்துச்சு. தீவுகளுக்கு கரைப்பக்கம் நீளமா வெளிறுன மணல் திட்டு, அதுல கருத்த தேமல் மாதிரி தாழை படுகை, தீவுக்கு தெக்கால வளைஞ்சு போற பாரோட விளிம்பு, கலங்கல் தண்ணி எங்க முடிஞ்சு தெளிவு எங்க ஆரம்பிக்குதுங்கற கோடு. பக்கத்துல இருந்த தோழியைக் கூப்பிட்டு காட்டுனேன், "இது எல்லாம் ஏற்கனவே இந்த ஃபைலுக்குள்ளயா இருந்துச்சு?"னு கேட்டா. ஆமா, எல்லாம் அதே ஃபைல்தான், ஒரு டிஎன் கூட நான் மாத்தல.

கலர் காம்பினேஷனும் மாத்தினோம். வழக்கமான 4-3-2ல, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் பேண்டுகளை அதே நிறத்துல காட்டறதுல, சிவப்பு பேண்ட் தண்ணிக்குள்ள சில மீட்டர்லயே செத்துடும், அதனால கடல் தரைக்கு அது பெருசா உதவாது. அதுக்கு பதிலா சிவப்புக்கு பேண்ட் 3, பச்சைக்கு பேண்ட் 2, நீலத்துக்கு பேண்ட் 1 வச்சோம். பேண்ட் 1ங்கறது 0.43ல இருந்து 0.45 மைக்ரான் வரைக்கும் இருக்கற அடர் நீலம், கரையோர தண்ணிக்குனே லேண்ட்சாட் 8ல புதுசா சேத்தது. நம்ம இந்திய சாட்டிலைட்டோட லிஸ் 4 சென்சார் படத்துல ஒரு பிக்சல் 5.8 மீட்டர், கூர்மை ரொம்ப ஜாஸ்தி, அதையே எடுத்துருக்கலாமேனு சிலர் கேட்டாங்க, ஆனா அதுல பச்சை, சிவப்பு, அகச்சிவப்பு மூணுதான், நீலம் கிடையாது, கடல் தரை பாக்கறதுக்கு நீலம் இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி ஆயிடும்.

ஹிஸ்டோகிராம் ஈக்வலைசேஷனும் போட்டு பாத்தேன், காலேஜ் புக்ல எல்லாம் அதைத்தானே பெருசா சொல்லுவாங்க. அது என்ன பண்ணும்னா எந்த டிஎன்ல பிக்சல் கூட்டமா இருக்கோ அங்க நிறைய சாம்பல் படியை ஒதுக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க படத்துல கூட்டமா இருந்தது ஆழ்கடல், பாதிக்கு மேல அதுதான், அங்க பாக்க ஒன்னுமே கிடையாது. மொத்த படியும் அங்க போய் கொட்டுனதுல ஆழ்கடல்ல இருந்த சின்ன சின்ன சலனம் எல்லாம் மலை மாதிரி எழும்பிச்சு, அலை மடிப்பு, சூரிய ஒளி பட்டு மின்னறது, அதோட மேலிருந்து கீழா லேசா சாஞ்சு போற பட்டை பட்டையான கோடு. அந்தப் பட்டை கடல்ல கிடையாது, ஓஎல்ஐ சென்சார்ல 14 டிடெக்டர் தொகுதி பக்கத்துல பக்கத்துல வச்சிருக்காங்க, ஒன்னுக்கொன்னு உணர்திறன் துளியூண்டு மாறினாலும் கருப்பு பரப்புல இவ்வளவு இழுத்தா அந்த ஒட்டு வெளியில வந்துடும். குழுவுல ஒரு தம்பி அந்த கோட்டை பாத்துட்டு நீரோட்டம்னே நினைச்சு குறிச்சு வச்சிருந்தான். நல்லவேளை கோடு நிலத்து மேலயும் அதே கோணத்துல நீண்டு போச்சு, அதுல புரிஞ்சுது.

கிளாஹேனு ஒரு முறை இருக்கு, படத்தை கட்டம் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியா ஈக்வலைஸ் பண்ணும், எந்த படியும் அளவுக்கு மீறி எகிறாம இருக்க ஒரு வரம்பும் வைக்கும். தேடறதுக்கு அதை மிஞ்ச ஆள் இல்ல. பூவரசன்பட்டி இருந்த இடத்துல ஜூம் பண்ணி கிளாஹே போட்டப்ப, சுத்தி இருட்டா இருக்கற தண்ணியில ஒரு வெளிறுன கறை, நீளவாக்குல, ஒரு தீவோட பாதம் மாதிரி. 30 மீட்டர் பிக்சல்ல ஒரு கைப்பிடி பிக்சல்தான். சாதாரண ஸ்ட்ரெச்ல அது இருக்குறதே தெரியல. நான் ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன். ஆனா மேப் போட கிளாஹே ஆகாது, ஏன்னா கட்டத்துக்கு கட்டம் அளவுகோல் மாறுது, வாழைத் தீவு பக்கத்து மணலும் ஆனைப்பார் பக்கத்து மணலும் ஒரே பிரதிபலிப்பு இருந்தாலும் வேற வேற சாம்பல்ல வரும். கண்டுபிடிக்க மட்டும் வச்சுக்கிட்டு அளக்க வேற முறைக்கு போயிடணும்.

தப்புக்கு வர்றேன்.

2016 படத்தை கேன்வாஸ் ஸ்ட்ரெச்ல அழகா எடுத்தாச்சு. 2021 படத்தையும் அதே மாதிரி ஜூம் பண்ணி அதே கேன்வாஸ் ஸ்ட்ரெச். ரெண்டையும் ஏ3 பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல பிரிண்ட் எடுத்தோம். பாத்த உடனே எல்லாருக்கும் பகீர்னு இருந்துச்சு. 2016ல கருத்து அடர்த்தியா இருந்த தாழை படுகை 2021ல பாதி வெளிறிப் போய் இருக்கு. நான் அதை அப்படியே வரைஞ்சு, இந்த இடத்துல தாழை அழிஞ்சு மணல் ஏறிடுச்சுனு பென்சில்ல வட்டம் போட்டு, அறிக்கைக்கு முதல் வரைவு கூட எழுதிட்டேன்.

அந்த பேப்பரை எடுத்துக்கிட்டு கீழக்கரையில சங்கு குளிக்கிற ஒரு அண்ணன்கிட்ட போனோம். முப்பது வருஷமா அந்த கடல்ல எறங்கறவர். பேப்பரை மணல்ல விரிச்சு நாலு மூலையிலயும் கல்லு வச்சு, கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் திருப்பி பாத்துட்டு, எங்க கரை எங்க தீவுனு பிடிபட்டதும் விரலை வச்சு வேகவேகமா சொல்ல ஆரம்பிச்சுட்டாரு, இது பார், இது வெறும் சேறு, இங்க தாழை இடுப்பு உசரத்துக்கு வளரும்னு. நான் வட்டம் போட்ட இடத்துக்கு வந்ததும் நின்னுட்டாரு.

"இது என்ன தம்பி வட்டம்?"

"அங்க தாழை போயிடுச்சுண்ணே, மணல் ஏறிடுச்சு, புது படத்துல வெள்ளையா தெரியுது பாருங்க."

"யாரு சொன்னா? போன வாரம் அங்கதான் எறங்குனேன். தாழை அப்படியேதான் கெடக்கு. காலை வச்சா முழங்காலை சுத்துது."

ரெண்டு படத்தையும் மாத்தி மாத்தி பாத்தாரு. "உங்க புது படத்துல எல்லாமே வெள்ளையால்ல இருக்கு தம்பி. பாரு கூட வெளுத்திருக்கு. பாரு எங்க போவும்?"

அதுதான் சாவி. நான் தாழையை மட்டும் பாத்தேன், அவரு மொத்தத்தையும் பாத்தாரு. பாறை அஞ்சு வருஷத்துல நிறம் மாறாது. எல்லாமே சேந்து வெளுத்திருந்தா மாறினது கடல் இல்ல, அளவுகோல்.

அன்னைக்கு ராத்திரியே உக்காந்து நம்பரை எடுத்தேன். 2016 கேன்வாஸ்ல ஓரத்துல கொஞ்சம் மேகமும் தீவு மணலும் இருந்ததால எல்லை 7100–10900. 2021 கேன்வாஸ்ல மேகமே இல்ல, எல்லை 7300–9700. அதோட சூரியன். பிப்ரவரியில சாட்டிலைட் தாண்டுற காலை நேரத்துல சூரியன் சுமார் 54 டிகிரி உயரத்துல, ஏப்ரல்ல 63. லெவல் 1 டிஎன் சூரிய உயரத்தை சரி பண்ணாம வர்றது, அதனால அதே தரை ஏப்ரல்ல பத்து சதவீதம் கூட வெளிச்சமா பதிவாகும். 0.07 பிரதிபலிப்பு இருக்கற ஒரு தாழை பிக்சலை எடுத்துக்கோங்க. 2016ல அதோட டிஎன் 7835, 2021ல 8115. முதல் எல்லையில போட்டா திரையில 49, ரெண்டாவது எல்லையில போட்டா 87. ஒரே தாழை, ஒரே பிரதிபலிப்பு, ஒன்னு 49 இன்னொன்னு 87. நான் அழிஞ்சுபோச்சுனு எழுதுன தாழை அந்த 38 படிக்குள்ளதான் இருந்துச்சு.

இதை நெனச்சா இப்பவும் வயித்தை கலக்குது. அந்த வரைவு வெளியில போயிருந்தா, தாழை போச்சுங்கற பேச்சு வந்து, அந்த இடத்துல தொழில் பண்றவங்க மேல பழி விழுந்திருக்கும். ஒரு செட்டிங்கால.

சரி பண்ண விதம். முதல்ல டிஎன்னை பிரதிபலிப்பா மாத்தினோம், 0.00002ஆல பெருக்கி 0.1 கழிச்சு, சூரிய உயரத்தோட சைன் மதிப்பால வகுக்கணும், அந்த உயரம் படத்தோடயே வர்ற எம்டிஎல் டெக்ஸ்ட் ஃபைல்ல இருக்கும். அடுத்து நிலத்தையும் மேகத்தையும் வெட்டி எறிஞ்சோம். நிலத்துக்கு பேண்ட் 6, அந்த அகச்சிவப்பு தண்ணியில பட்ட உடனே உறிஞ்சப்பட்டுடும், அடியில வெள்ளை மணல் இருந்தாலும் தண்ணி கருப்பாவே இருக்கும், அதனால ஒரு வரம்பு வச்சா கரைக்கோடு சுத்தமா பிரிஞ்சிடுது. மேகத்துக்கு படத்தோட வர்ற க்யூஏ பேண்ட், எந்த பிக்சல்ல மேகம்னு குறிச்சு வச்சிருக்கறது. மேகத்தோட நிழலையும் மறக்காம எடுக்கணும், ஸ்ட்ரெச் பண்ண படத்துல கடல் மேல விழற மேக நிழல் அச்சு அசல் தாழை படுகை மாதிரியே இருக்கும், பக்கத்துல அதே உருவத்துல ஒரு மேகம் இருக்கானு பாத்தாதான் பிடிபடும்.

அதுக்கப்புறம் மிச்சம் இருக்கற கடல் பிக்சலோட ஹிஸ்டோகிராமை (எந்த மதிப்புல எத்தனை பிக்சல்னு காட்டற வரைபடம்) மட்டும் ரெண்டு வருஷத்துக்கும் ஒன்னா போட்டு பாத்து, கையால எல்லை வச்சோம்: பச்சை பேண்டுக்கு கீழ் 0.05, மேல் 0.12. ரெண்டு படத்துக்கும் அதே. ஆட்டோ கிடையாது, கேன்வாஸ் கிடையாது, ஜூம் பண்ணா மாறக்கூடாது. இப்ப தாழை ரெண்டு வருஷத்துலயும் 73, பார் 89, மணல் 219. நிலத்துக்கு போயிட்டு இருந்த படி எல்லாம் கடலுக்கு வந்துடுச்சு, தாழைக்கும் பாருக்கும் நடுவுல 3 படியா இருந்தது 16 ஆச்சு.

காத்து மண்டல வித்தியாசம் இன்னும் இருக்கும்ல, ஒரு நாள் தூசி ஒரு நாள் தெளிவு. அதுக்கு ஆழ்கடலை ஒரு புள்ளியாவும், மாறாதுனு அந்த அண்ணன் கைகாட்டுன ரெண்டு மூணு பாரை இன்னொரு புள்ளியாவும் வச்சு ரெண்டு வருஷமும் ஒத்துப்போகுதானு பாத்துக்கிட்டோம். லெவல் 2 படம் காத்து மண்டலத்தை கழிச்சே வருதே, அதை ஏன் எடுக்கலனு கேக்கலாம். அந்த திருத்தம் முக்கியமா நிலத்தை மனசுல வச்சு பண்ணது, கடல் மேல, அதுவும் அடர் நீல பேண்டுல, நம்பி இறங்க முடியல.

சென்டினல் 2ங்கற ஐரோப்பிய சாட்டிலைட் படத்தை வச்சு இதே வேலை பண்றவங்களுக்கு ஒன்னு சொல்லணும். 2022 ஜனவரி 25ல இருந்து அந்த படங்கள்ல டிஎன் மதிப்போட 1000 கூட்டி குடுக்கறாங்க. அதுக்கு முன்னாடி எடுத்த ஒரு படத்தையும் பின்னாடி எடுத்த ஒரு படத்தையும் எடுத்து ஒரே டிஎன் எல்லையில ஸ்ட்ரெச் போட்டா கடல் மொத்தமும் வெளுத்துப் போன மாதிரி இருக்கும். எல்லையை டிஎன்ல வைக்காம பிரதிபலிப்புல வைங்கனு நான் அடிச்சு சொல்றது இதனாலயும்தான்.

இன்னொரு ஆபத்து, ஸ்ட்ரெச் பண்ண படத்தையே கணக்குக்கு குடுக்கறது. க்யூஜிஐஎஸ்ல எக்ஸ்போர்ட் பண்றப்ப ரா டேட்டாவா ரெண்டர்டு இமேஜானு கேக்கும், ரெண்டர்டு குடுத்தா ஸ்ட்ரெச் பண்ண 8 பிட் நிறம்தான் ஃபைலா வரும், பழைய டிஎன் போச்சு, எல்லைக்கு வெளியில இருந்தது எல்லாம் 0லயோ 255லயோ ஒட்டிக்கும். பாக்க ஜியோடிஃப், அதாவது இடக்குறிப்போட வர்ற வழக்கமான படக்கோப்பு, மாதிரியே இருக்கறதால வித்தியாசம் தெரியாது. நிலத்து உதாரணமே சொல்றேன், அது எல்லாருக்கும் பழக்கம். ஒரு தோப்புல சிவப்பு 0.05, அகச்சிவப்பு 0.40. செடியோட பசுமையை காட்டற என்டிவிஐங்கற குறியீடு, ரெண்டோட வித்தியாசத்தை கூட்டுத்தொகையால வகுக்கறது, 0.35ஐ 0.45ஆல வகுத்தா 0.78. இதே பிக்சலை சிவப்புக்கு 0.02–0.20, அகச்சிவப்புக்கு 0.05–0.50னு தனித்தனியா ஸ்ட்ரெச் பண்ணா சிவப்பு 42, அகச்சிவப்பு 198 ஆகும், அதுல என்டிவிஐ போட்டா 0.65. தோப்பு அதேதான், நம்பர் மட்டும் வாடிப்போச்சு. கடல்ல ஆழத்தை கழிக்கறதுக்கு லைசெங்கா 1978ல ஆரம்பிச்சு வச்ச லாகரிதம் முறை எல்லாம் இருக்கு, அதுக்குள்ள ஸ்ட்ரெச் பண்ண மதிப்பை விட்டா என்ன வரும்னு சொல்லவே வேணாம். எது தாழை எது பார்னு பிக்சலை கம்ப்யூட்டர் பிரிக்கற வகைப்பாட்டுக்கு நாங்க எப்பவும் பிரதிபலிப்பு ஃபைலை மட்டும்தான் குடுத்தோம், ஸ்ட்ரெச் கண்ணுக்கு, அந்த வகைப்பாட்டுக்கு மாதிரியா குடுக்கற பயிற்சி இடங்களை குறிக்கறதுக்கு, பேப்பர்ல பிரிண்ட் எடுக்கறதுக்கு.

கான்ட்ராஸ்ட் எவ்வளவு நல்லா வந்தாலும் அதுக்கு சொல்லத் தெரியாத ஒன்னு ஆழம். ஆழத்துல இருக்கற மணலும் மேலாப்புல இருக்கற தாழையும் பச்சை பேண்டுல ஒரே மதிப்புல வந்து நிக்கும். 16 படி கிடைச்சுடுச்சுனு அதை வச்சு இது தாழை இது பார்னு கோடு கிழிக்க முடியாது, நாங்களும் முதல்ல கிழிச்சு நிறைய இடத்துல மாத்தி எழுத வேண்டி வந்துச்சு. பேண்ட் 2ஐயும் 3ஐயும் சேத்து பாக்கணும், அதுக்கு மேல எறங்கி பாத்தவங்க சொல்லணும். காலமும் பாத்து படத்தை எடுக்கணும், கச்சான், அதாவது தென்மேற்கு காத்து, அடிக்கற மாசத்துல தென்கடல் கலங்கி கிடக்கும், அப்ப என்ன ஸ்ட்ரெச் போட்டாலும் கலங்கலோட கான்ட்ராஸ்ட்தான் கூடும். பிப்ரவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் எங்களுக்கு நல்லா இருந்துச்சு. ஓதம், அதாவது கடல் ஏத்த இறக்கம், அங்க ஒரு மீட்டருக்குள்ளதான், அதனால அது பெருசா தொந்தரவு பண்ணல.

புது எல்லையில ரெண்டு வருஷத்தையும் மறுபடி பிரிண்ட் எடுத்தப்ப நான் போட்ட வட்டத்துல பெரும்பாலானது காணாம போச்சு. ஒரே ஒரு இடத்துல வித்தியாசம் மிச்சம் இருந்துச்சு, கரையை ஒட்டி ஒரு கீற்று, பார் மாறாம தாழை மட்டும் அங்க வெளுத்திருந்துச்சு. அது நிஜ மாற்றமா இல்ல அன்னைக்கு வந்த கலங்கலானு படத்தை வச்சு தீர்க்க முடியல. வரைவுல அதை அப்படியே எழுதினோம், அழிஞ்சுடுச்சுனு எழுதல, போய் பாக்க வேண்டிய இடம்னு எழுதினோம். மேப்போட வலது கீழ் மூலையில, அளவுகோலுக்கு பக்கத்துல, சின்ன எழுத்துல ஒரு வரி சேத்தோம்: பச்சை 0.05–0.12, நீலம், அடர் நீலம் ரெண்டோட எல்லையும் அதே மாதிரி, ரெண்டு வருஷத்துக்கும் ஒரே எல்லை.

பேப்பரை மறுபடி அந்த அண்ணன்கிட்ட கொண்டு போனோம். இந்த தடவை திருப்பி பாக்கவே இல்ல, நேரா பாரை தேடி ரெண்டு படத்துலயும் விரலை வச்சு பாத்துட்டு, "ம், இப்ப சரியா இருக்கு"னாரு. கீற்றை காட்டி கேட்டேன். கொஞ்சம் யோசிச்சாரு. அந்தப் பக்கம் எறங்கி ரெண்டு வருஷம் ஆச்சாம். எங்கிட்ட இருந்த பேனாவை வாங்கி அந்த கீற்றுக்கு மேல ரெண்டு, அதை விட்டு தள்ளி கடல் பக்கம் ஒன்னுனு மூணு புள்ளி வச்சாரு. தள்ளி வச்சது எதுக்குண்ணேன்னு கேட்டதுக்கு, "அங்க ஒரு சின்ன பார் இருக்கு, உங்க படத்துல வரல, வந்து பாத்துக்கங்க"னாரு. வெள்ளிக்கிழமை தொழில் இல்ல, சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு வள்ளம்னு முடிவாச்சு.